திரும்பிப் பார்த்த பயிற்சி ஆசிரியைக்குத் தேர்ச்சி கேட்டு

அனுப்புநர்:
திருமதி வசிதி நைகாவா,
கிழங்குக் கடை, நகரச் சந்தை,
நாசோலேவு, வனுவா லேவு,
ஃபிஜி.

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
ஆசிரியர் பயிற்சி மதிப்பீட்டு மேல்முறையீட்டுப் பிரிவு,
சுவா.

பொருள்: சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி – இறுதிப் பருவ வகுப்பறைப் பயிற்சியில் செல்வி ரோனிகா லதாவுக்குத் ‘தேர்ச்சி இல்லை’ என வழங்கிய மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி பயிற்சி மாணவிக்கு நாசோலேவு சிறப்புப் பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர் அளித்த இறுதி அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா,

1. நான் சந்தையில் மரவள்ளியும் சேம்பும் கீரையும் விற்பவள். எங்கள் சபை மாதர் சங்கத்துக்குச் சில வருடங்கள் செயலாளராக இருந்ததால் மனு எழுதும் முறை ஓரளவு தெரியும். வாயாடி என்று சந்தையில் பெயர் எடுத்தவள் என்பதையும் மறைக்கவில்லை. இந்த மனுவில் என்னால் முடிந்தவரை வாயைக் கட்டியிருக்கிறேன். எங்காவது கட்டு அவிழ்ந்திருந்தால் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. செல்வி ரோனிகா லதா எனக்கு மகளும் அல்லர், உறவும் அல்லர். அவர் கரும்புத் தோட்டத்து இந்தியக் குடும்பத்துப் பெண். நான் இந்த மண்ணின் குலத்தவள். அவர் வீட்டில் வேறு சாமி, என் வீட்டில் வேறு சாமி. சிறப்புக் கல்வி ஆசிரியராக வேண்டும் என்று படித்து, இறுதிப் பருவத்தில் எங்கள் ஊர் சிறப்புப் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்தார். அவர் பயிற்சி பெற்ற வகுப்பில் என் மகன் இலியேசா படித்தான். அவனுக்கு ஒன்பது வயது. இப்போது அவன் உயிரோடு இல்லை. அந்தப் பெண் தோற்றதற்கும் என் மகன் போனதற்கும் காரணம் ஒரே நாள். ஆகவேதான் இந்த மனுவை நான் எழுதுகிறேன்.

3. மேல்முறையீட்டைப் பயிற்சி மாணவரே செய்யவேண்டும் என்று தங்கள் அலுவலகத்தில் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் செய்யமாட்டார். கெஞ்சிப் பார்த்துவிட்டேன், திட்டியும் பார்த்துவிட்டேன். “நான் இன்னும் சத்தம் போட்டிருக்கணும் ஆன்ட்டி. போடல. எனக்கு இந்த மார்க் போதும்” என்கிறார். தனக்குக் கிடைத்தது சரியான தண்டனை என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருவர் எப்படி மேல்முறையீடு செய்வார்? நடத்தைக் குறைபாட்டால் தோற்றவர் மறுபடியும் சிறப்புக் கல்விப் பயிற்சியில் சேர முடியாது என்றும் தங்கள் அலுவலகத்திலேயே சொன்னார்கள். ஆகவே இப்போது கேட்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அந்தக் கதவு ஒரேயடியாக மூடிவிடும்.

4. மேல்முறையீட்டுக்கான கெடு கடந்துவிட்டது என்பதை அறிவேன். அதற்குக் காரணம் நான். எங்கள் வீட்டில் துக்கத்தின் நூறாம் இரவு முடியும்வரை கறுப்பு உடுத்தியிருந்தோம். அதற்கு முன் ஒரு தாய் அலுவலகங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் ஊர் சிரிக்கும். ஊர் சிரித்தால்கூடப் பரவாயில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அப்போது பேனா பிடிக்கக் கை எழவில்லை. இந்தத் தாமதத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

5. நான் எதைக் கேட்கவில்லை என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். வழிகாட்டி ஆசிரியர் திரு. பெனி தூகானா மீது நடவடிக்கை கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. மகனை அடக்கம் செய்த அதே வாரம் அவர் தன் குலத்தாரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் குனிந்து உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்டுத் திமிங்கிலப் பல்லை இரு கையாலும் நீட்டினார். என் கணவரின் அண்ணன் இசிகேலி அதை வாங்கிக்கொண்டார். எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியாததல்ல. பல்லை வாங்கிவிட்டால் அந்தக் குற்றமும் அத்தோடு மண்ணுக்குள் போய்விடும். பிறகு அதைத் தோண்டுகிறவர் தன் குலத்தின் வாக்கையே மிதித்தவர்.

திரு. பெனி அன்று அழுதது நடிப்பு இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. ஆனால் அவர்கள் தரப்பில் பேசியவர், “இது தெரியாம நடந்துபோச்சு. தெரிஞ்சுக்க யாராலயும் முடியாது” என்று சொன்னார். முதல் வாக்கியத்தை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டாவது வாக்கியம் என் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. நான் பெண்களோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பேசுகிற வழக்கம் இல்லை. பேசவில்லை.

ஆகவே இந்த மனுவில் என் மகனைப் பற்றி, அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணுக்குத் தேவையான அளவு மட்டும் எழுதுவேன்.

6. இலியேசாவுக்குப் பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமானால் கத்துவான். வேண்டாமென்றாலும் கத்துவான். மேசைக்கடியில் புகுந்துகொண்டு, தலையை வெளியே நீட்டி, யார் பார்க்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே கத்துவான். சபையில் பிரசங்கத்தின் நடுவே அப்படிக் கத்தி, போதகரே வசனத்தை மறந்துபோன நாள் உண்டு. “வசிதி, உன் பையன் தொண்டைய எங்க பாடகர் குழுவுக்குக் குடுத்துடேன்” என்று பெண்கள் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவைப்பேன். வேறென்ன செய்வது?

திரு. பெனி அதற்கு ஒரு திட்டம் வகுத்தார். கண்டுகொள்ளாமை என்று அதற்குப் பெயர் சொன்னார். கவனத்துக்காகக் கத்துகிற பிள்ளைக்குக் கவனம் கொடுத்தால் கத்தல் வளரும். கொடுக்காவிட்டால் தானே வாடும் என்று விளக்கினார். அவன் கத்தினால் வகுப்பில் இருக்கிற பெரியவர்கள் எல்லாரும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். பேச்சு இல்லை, பார்வை இல்லை. கத்தல் ஓய்ந்ததும் திரும்பி வந்து, கைதட்டிப் பாராட்டி, முன்னால் ஒரு தேங்காய் பிஸ்கட் வைப்பார்கள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். அந்த வகுப்பில் அழாத பிள்ளைக்குத்தான் பிஸ்கட்.

இந்தத் திட்டம் பலன் தந்தது. அதை நான் மறுக்கமாட்டேன். வீட்டிலும் அப்படியே செய்தோம். சில மாதங்களில் அவன் சபையில் என் மடியருகே பாயில் உட்கார்ந்து, பாட்டு முடியும்வரை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரு. பெனிக்குச் சந்தையிலேயே நல்ல சேம்புக்கிழங்காகப் பொறுக்கி ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். அவர் மீது எனக்கு அப்போது அவ்வளவு நன்றி இருந்தது.

7. செல்வி ரோனிகா பள்ளியின் மூன்றாம் பருவத் தொடக்கத்தில் வந்தார். திட்டத்தை அவரும் ஒழுங்காகவே கடைப்பிடித்தார். இதைப் பார்வையில் கண்ட அறிக்கையின் முதல் பகுதியும் ஒத்துக்கொள்கிறது. மாலையில் மகனை அழைத்துவரப் போகும்போதெல்லாம் என்னைப் பிடித்துவைத்துக் கேள்வி கேட்பார். அவனுக்கு வெயில் பிடிக்குமா, பசித்தால் எப்படிக் கத்துவான், தூக்கம் வந்தால் எப்படி, கோபம் என்றால் எப்படி. “என்ன பொண்ணே, எனக்கே பரீட்சை வைக்கிறியா?” என்பேன். “நீங்க பாஸ் ஆன்ட்டி, நான்தான் இன்னும் படிக்கணும்” என்பார்.

வகுப்பில் பேச்சு வராத பிள்ளைகளுக்குப் பட அட்டைகள் உண்டு. வேண்டியதைப் பிள்ளை எடுத்துக் காட்டவேண்டும். தண்ணீர், கழிப்பறை, ஊஞ்சல், பிஸ்கட், பந்து என்று இலியேசாவிடம் ஒரு கட்டு இருந்தது. வலி என்று காட்ட அதில் ஓர் அட்டைகூட இல்லை. எனக்கே அது தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது. அட்டை வரைந்து எடுத்துப் போயிருக்கிறார். இருக்கிற அட்டைகளைப் பையன் முழுதாகப் பழகட்டும், புதியதை அடுத்த பருவம் பார்க்கலாம் என்று வழிகாட்டி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அது அவர்கள் தொழிலின் முறை என்கிறார்கள். இருக்கலாம்.

8. இனி அன்று நடந்தது. வகுப்பில் நடந்ததைச் செல்வி ரோனிகாவும் வகுப்பு உதவியாளர் அம்மாவும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. திரு. பெனியும் பிறகு என்னிடம் எதையும் மறுக்கவில்லை.

காலையில் இலியேசா எலுமிச்சை இலைத் தேநீரையும் பொரித்த ரொட்டியையும் தொடவில்லை. அவன் சாப்பிடாத காலைகள் பல உண்டு. பள்ளி வாசலில் விட்டபோது உதவியாளரிடம் அதைச் சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போனேன்.

முதல் பாடத்தின்போதே அவன் மேசைக்கடியில் போய்க் கத்தத் தொடங்கினான். திட்டப்படி எல்லாரும் திரும்பிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். இலியேசா தலையை வெளியே நீட்டவில்லை. யார் முகத்தையும் தேடவில்லை. கண்ணை இறுக மூடி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கிடந்தான்.

அவர் ஆசிரியரிடம், “சார், இவன் யாரையும் பாக்கல. நம்மளப் பாக்கவைக்கிற கத்தல் இல்ல இது. இவனுக்கு எங்கயோ வலிக்குது” என்றார்.

“அப்படித்தான் முதல்ல தோணும். திரும்பாத. இப்ப நீ திரும்பினா இத்தன மாசம் பட்ட பாடெல்லாம் வீண்” என்றார் ஆசிரியர்.

அந்தப் பெண் திரும்பினார். மேசைக்கடியில் குனிந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மகன் யாரையும் தொடவிடாதவன். தலை வாரக்கூட என்னைத் தவிர யாரையும் விடமாட்டான். அவன் அந்தப் பெண்ணின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டான். ஐயா, இதைவிட ஒரு பிள்ளை என்ன சொல்லவேண்டும்? எங்கள் குலத் தலைவரின் பேச்சாளர்கூட இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கட்டு அவிழ்ந்துவிட்டது. மன்னிக்கவும்.

9. “சார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். ஆசிரியர், பிள்ளைக்கு முன்னால் திட்டத்தைக் குலைக்கவேண்டாம், வெளியே போய் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு வா என்று அவரை வகுப்பைவிட்டு அனுப்பினார். தலைமையாசிரியர் கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். பயிற்சி மாணவர்கள் பெற்றோரைத் தாங்களாக அழைக்கக்கூடாது, பிள்ளையை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்பது விதி. பிள்ளையைக் கொண்டுபோக முடியாததால் அந்தப் பெண் என்னைக் கொண்டுபோக ஓடிவந்தார்.

சந்தையில் கிழங்கு வரிசைக்கு நடுவே அவர் ஓடிவந்ததை இன்னும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடை லூசியானா, “என்னடி, போலீஸ் தொரத்துதா?” என்று கத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. என் கையைப் பிடித்து, “ஆன்ட்டி, கடைய விடுங்க, வாங்க” என்று மட்டும் சொன்னார். அவ்வளவு மரியாதையாகப் பேசுகிற பெண் கையைப் பிடித்து இழுக்கிறாள் என்றால் விஷயம் சின்னதல்ல. கடையை லூசியானாவிடம் விட்டு ஓடினேன்.

10. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. திரு. பெனி வாசலுக்கே வந்து, சிரித்த முகமாக, “பாத்தீங்களா, தானா அடங்கிட்டான். இதுக்குப் போய் உங்கள இழுத்துட்டு வந்துட்டா” என்றார்.

என் மகன் சுவரோரமாகச் சாய்ந்து கிடந்தான். அவனுக்கு முன்னால் தட்டில் தேங்காய் பிஸ்கட் இருந்தது.

குடல்வால் வெடித்தால் கொஞ்ச நேரத்துக்கு வலி குறைந்தாற்போல இருக்கும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அவன் அமைதியானது அதனால்தான். அதற்குக் கைதட்டியிருக்கிறார்கள்.

11. ஊர் மருத்துவமனையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அறுவைச் சிகிச்சை செய்தார்கள். சீழ் பரவிவிட்டது என்றார்கள். வார இறுதிக்கு முன்பே அவன் போய்விட்டான். இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இந்தப் பத்தியில் இதற்குமேல் எழுதினால் பல்லை வாங்கிய கைக்கு அவமானம். நிறுத்துகிறேன்.

12. நூறாம் இரவு கழிந்து நான் மறுபடி கடை போட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள மளிகைக்கடைக்கு உப்பு வாங்கப் போனபோது, கல்லாவில் செல்வி ரோனிகா உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் விடுகிற ஆளா? வரிசையில் நின்றவர்கள் முனகினாலும் பரவாயில்லை என்று அங்கேயே நின்றேன். வேறு வழியில்லாமல் வெளியே வந்தார்.

“இந்நேரம் ஏதாவது பள்ளிக்கூடத்துல டீச்சரா இருப்பேன்னு நெனச்சேன். இங்க என்ன பண்ற?” என்றேன்.

“ஃபெயில் ஆன்ட்டி” என்றார்.

“எதுல?”

“பயிற்சியில.”

‘எதற்காக’ என்று கேட்டேன். வகுப்பைவிட்டு அனுமதியின்றி வெளியேறியது, பெற்றோரை விதிக்குப் புறம்பாக அழைத்தது, நடத்தைத் திட்டத்தை மீறியது என்று பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு, உப்புக்குச் சில்லறையை என் கையில் வைத்தார். அறிக்கையைக் கொண்டுவந்து காட்டு என்றேன். மறுநாள் நாலாக மடித்துக் கொண்டுவந்தார். அதன் நகலை இத்துடன் இணைத்துள்ளேன். அதில் உள்ள தேதியைத் தயவுசெய்து பாருங்கள். எங்கள் வீட்டில் பல்லை நீட்டிய அதே வாரம். மன்னிப்புக் கேட்ட கையும் தோல்வி எழுதிய கையும் ஒன்றுதான்.

13. நான் திரு. பெனியிடம் போனேன். சண்டைக்குப் போகவில்லை, பாயில் உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல், அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணை மாற்றித்தரும்படி கேட்டேன். அவர் விதிகளைச் சொன்னார். பயிற்சி மாணவர் ஒவ்வொருவரும் தனக்குத் தோன்றியபடி திட்டத்தை உடைத்தால் எந்தப் பிள்ளையும் எதையும் கற்காது என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. நூறு நாளில் தொண்ணூற்றொன்பது நாள் அவர் சொல்வதுதான் சரி.

பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“நான் மார்க்க மாத்தினா அன்னிக்கு அவ செஞ்சது சரின்னு ஆயிடும் வசிதி. அவ செஞ்சது சரின்னா, நான் செஞ்சது என்ன? அதோட நான் எப்படி நாளைக்கு அந்த வகுப்புக்குள்ள போவேன்?”

எழுந்து வந்துவிட்டேன். வழியெல்லாம் அவருக்காகவும் அழுதேன் என்பது உண்மை. ஆனால் அவர் நிம்மதியாக வகுப்புக்குள் போவதற்காக அந்தப் பெண் ஆயுள் முழுதும் மளிகைக்கடைக் கல்லாவில் உட்காரவேண்டுமா? என்ன நியாயம் இது? ஒருவர் தூங்குவதற்கு இன்னொருவரின் பாயை உருவுவதா?

14. இந்த மனு எழுதப்போவது தெரிந்ததும் என் கணவரின் அண்ணன் இசிகேலி வீட்டுக்கு வந்தார். “பல்ல வாங்கினது நான். நீ வாயத் தொறந்தா என் மூஞ்சியில மண்ணு” என்றார்.

“என் பிள்ளையப் பத்திப் பேசல மாமா. ஊரான் பிள்ளையப் பத்திப் பேசறேன். அவளுக்கு யாரு பல்லு கொண்டுபோனாங்க? அவ வீட்டு வாசல்ல யாரு குனிஞ்சு உக்காந்தாங்க?” என்று கேட்டேன்.

“அவங்க வழக்கம் வேற” என்றார்.

“வழக்கம் வேற. வயிறு எரியறது ஒண்ணுதான்” என்றேன். அவர் கோபமாகப் போய்விட்டார். இன்றுவரை எங்கள் வீட்டில் கூடி உட்கார்ந்து கவா பானம் குடிக்க வரவில்லை. சந்தையிலும் சில பெண்கள், “வாங்கினது வாங்கினதுதான், அப்புறம் என்ன பேச்சு?” என்று என் காதில் விழும்படி பேசுகிறார்கள். என் கணவர் அதிகம் பேசாதவர். “எழுது. ஆனா பெனியத் தண்டிக்கணும்னு எழுதாத” என்று மட்டும் சொன்னார். எழுதவில்லை.

15. இதில் எனக்கு என்ன ஆதாயம் என்று தாங்கள் நினைக்கலாம். என் பிள்ளைக்கு இனி எந்த டீச்சரும் வேண்டாம். ஆனால் அதே வகுப்பில் இன்னும் பேச்சு வராத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் தாய்மார் காலையில் கையைப் பிடித்து வாசலில் விட்டுவிட்டு, என்னைப்போலவே வேலைக்குப் போகிறார்கள். இனி வரப்போகிற பயிற்சி மாணவர்களும் இந்தச் செய்தியைக் கேள்விப்படுவார்கள். திரும்பிப் பார்த்தவள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தால் அடுத்தவள் திரும்புவாளா? கழுத்தை அசைக்கக்கூடப் பயப்படுவாள். இந்தத் தோல்வியைத் தாங்கள் உறுதிசெய்தால், அதுதான் தாங்கள் அவர்களுக்கு நடத்துகிற பாடம்.

கண்டுகொள்ளாமை என்ற முறையையே ஒழிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது என் மகனுக்கு உதவியதைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் அந்த முறையைச் சரியாகக் கற்றவர் யார்? பிள்ளை எதற்காகக் கத்துகிறது என்று முதலில் பார், பிறகு முதுகைத் திருப்பு என்றுதானே கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்கள்? அந்தப் பெண் பார்த்தார். தாங்கள் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்தார். கற்றுக்கொடுத்ததைச் செய்ததற்கே தோல்வி என்றால் அந்தப் படிப்பு எதற்கு?

16. ஆகவே, மேற்கண்ட நிலைமைகளைக் கருதி,

அ) மேல்முறையீட்டில் ஏற்பட்ட தாமதத்தைப் பொறுத்து, பயிற்சி மாணவியின் கையொப்பம் இல்லாத இந்த மனுவையும் ஏற்று விசாரிக்கவும்,

ஆ) வகுப்பு உதவியாளரையும் தேவைப்பட்டால் என்னையும் அழைத்துக் கேட்கவும்,

இ) செல்வி ரோனிகா லதாவுக்கு வகுப்பறைப் பயிற்சியில் தேர்ச்சி வழங்கி, சிறப்புக் கல்வி ஆசிரியராகப் பதிவு செய்துகொள்ள வழிசெய்யவும்

தாழ்மையுடன் வேண்டுகிறேன்.

17. கடைசியாக ஒன்று. மதிப்பீட்டை மாற்றும்போது பழைய அறிக்கையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது அலுவலக வழக்கமாக இருக்கலாம். தயவுசெய்து கிழிக்காதீர்கள். அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில், தோல்விக்கான காரணமாக வழிகாட்டி ஆசிரியர் தன் கையால் எழுதியிருப்பது இது: “மாணவன் அழும்போது, தடுத்தும் கேளாமல், எழுந்து அவனிடம் சென்றுவிடுகிறார்.”

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. என் மகன் கடைசியாக அழுதபோது ஒருத்தி எழுந்து அவனிடம் போனாள் என்று எழுதியிருக்கிற காகிதம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும். அதற்கு நேரே போட்டிருக்கிற மதிப்பெண்ணை மட்டும் மாற்றுங்கள்.

இணைப்பு: இறுதி அறிக்கையின் நகல்.

நாள்: மார்ச் முதல் திங்கட்கிழமை
இடம்: நாசோலேவு

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகச் சந்தையில் காத்திருக்கும்,

(ஒப்பம்) வசிதி நைகாவா
இலியேசாவின் தாய்